எதிர்மனுதாரர் பேச்சியம்மாள்

உணவுப் பாதுகாப்பு அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் போன மாதம் ஒத்தக்கடையில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காபி குடித்துவிட்டு, நான் செய்த பெரிய ரெய்டு ஒன்றைச் சொல்லச் சொன்னீர்கள். நானும் சளைக்காமல் நாலு கதை சொல்லி அனுப்பினேன். நீங்கள் படியிறங்கிய பிறகு என் மனைவி, "நீங்க தப்புப் பண்ணுன கதைய மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டாள். ஓய்வு பெற்றவனை நிம்மதியாகப் பெருமையடிக்கக்கூட விடமாட்டாள். ஆனாலும் கேள்வி நியாயமானது. அதனால் இதை எழுதுகிறேன்.

ரெய்டுக்குப் போவது பெரிய வித்தையில்லை. ஒரு ஜீப்பும் மூன்று ஆட்களும் துணைக்கு ஒரு போலீஸ்காரரும் இருந்தால் யாரும் போகலாம். மறுநாள் பேப்பரில் படம் வரும். அதற்கடுத்த வாரம் அதே கடையில் அதே சரக்கு விற்கும். யாரைத் தடுப்பது, எந்த அளவுக்குத் தடுப்பது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. நான் சறுக்கியது அங்கேதான்.

என் சர்வீஸில் முக்கால்வாசி நாள் நீதிமன்றம் என்றாலே எனக்கு எரிச்சல்தான். கப்பலூரில் ஒரு நொறுக்குத்தீனிக் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தால், மூன்றாம் நாள் அவர்கள் அந்த நோட்டீஸுக்குத் தடை வாங்கிக்கொண்டு வந்து சிரித்த முகத்தோடு என் மேஜையில் வைப்பார்கள். ஸ்டே என்ற சொல் காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தடை உத்தரவு என்பது தப்புச் செய்கிறவன் வாங்குவது என்றே நினைத்திருந்தேன். நாமும் போய் ஒரு தடை கேட்கலாம், அது நம் நோட்டீஸ் செய்யாத வேலையைச் செய்யும் என்பது எனக்குத் தெரிய வந்தது வெல்லத்தால்.

மதுரைக்கு வடக்கே, கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர்களில் மார்கழி பிறந்தால் வெல்ல ஆலைகள் புகைய ஆரம்பிக்கும். ஆலை என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். தகரம் வேய்ந்த கொட்டகை, கரும்பு பிழியும் மெஷின், அடுப்பின் மேல் அகலமான ஒரு கொப்பரை, அவ்வளவுதான். சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி, இறக்கி ஆற்றி, உருண்டை பிடித்தால் வெல்லம். அதன் இயல்பான நிறம் பழுப்பு. நம் ஜனங்களுக்கோ பொங்கல் பானையில் போடும் வெல்லம் தங்கம் மாதிரி மின்ன வேண்டும். அதற்காகக் கொதிக்கும் பாகில் ஒரு பொடியைத் தூவுவார்கள். சாயப்பட்டறையில் துணி வெளுக்கப் பயன்படுகிற பொடி அது. ஊரில் அதற்கு மருந்து என்று பெயர்.

வருஷா வருஷம் நாங்கள் போவோம், மாதிரி எடுப்போம், ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அறிக்கை வருவதற்குள் பொங்கல் முடிந்து, அந்த வெல்லம் ஊர் முழுக்க வயிற்றுக்குள் போயிருக்கும். வழக்கு நடக்கும், அபராதம் கட்டுவார்கள், அடுத்த மார்கழியில் திரும்பவும் புகையும். ஒருவருக்கொருவர் முகம் பழகிப்போய், என் ஜீப்பைப் பார்த்ததும் டீ சொல்லி அனுப்பும் அளவுக்கு உறவாகிவிட்டது.

இப்படி ஒரு வருஷம் சின்னக்கருப்பன் என்பவரின் ஆலைக்குப் போனேன். அந்த ஊரில் இருபத்தாறு ஆலைகள், அவர்தான் எல்லோருக்கும் பொதுவாகப் பேசும் ஆள். மூலையில் ஒரு ஓலைப்பெட்டி மூடி வைத்திருந்தது. திறந்தால் உள்ளே கருகருவென்று கொஞ்சம் வெல்லம். இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். "அது வீட்டுக்கு, சார். அதுல மருந்து போடல" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் பிள்ளைக்கு ஒன்று, ஊரான் பிள்ளைக்கு ஒன்றா என்று கத்தித் தீர்த்தேன். அவர் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். எனக்கு மூச்சு வாங்கியதும் நிமிர்ந்தார்.

நகரத்தில் மண்டிக்காரர் வெல்லத்தை உடைத்துத் தன் வெள்ளைத் துண்டின் மேல் வைத்துப் பார்ப்பாராம். துண்டின் நிறத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்ல சரக்கு. பழுப்பாக இருந்தால் தொடவே மாட்டார். "நான் ஒருத்தன் மட்டும் யோக்கியமா கொண்டு போனா, அம்புட்டும் வண்டியோட திரும்பி வரும். பக்கத்து ஆலைக்காரன் வெள்ளையாக் குடுப்பான். எங்க யாருக்கும் இந்தக் கருமத்தப் போடணும்னு ஆசையில்ல, சார். எவன் மொதல்ல நிறுத்துறதுன்றதுதான் கேள்வி" என்றார்.

அத்தனை வருஷமும் பதினைந்து நிமிடத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேனே தவிர, இதை நான் கேட்டதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் யாரோ ஒரு நுகர்வோர், வெளுத்த வெல்லத்தைத் தடுக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டிருந்தார். எங்கள் துறையைப் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்காக ஆஜரான அரசு வழக்கறிஞர் ஒரு பெண். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். இத்தனை மாதிரி எடுத்தோம், இத்தனை வழக்குப் போட்டோம் என்று நான் தயாரித்துக்கொண்டு போன பதிலை அவர் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். எடுத்த மாதிரி இருக்கட்டும், இந்த ஆலைக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். சின்னக்கருப்பன் சொன்னதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அப்ப தனித்தனியா அபராதம் போட்டா எப்படி சார் நிற்கும்? அத்தனை பேர் கையையும் ஒரே நாள்ல கட்டணும். மண்டிக்காரங்க கையையும் சேர்த்துக் கட்டணும். அதை நம்ம நோட்டீஸ் செய்யாது, கோர்ட்டோட தடை செய்யும்" என்றார்.

விஷயம் ஊருக்குப் போனதும் சின்னக்கருப்பனும் இன்னும் ரெண்டு பேரும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வந்தது, தங்கள் எல்லோர் மேலேயும் தடை கேட்கச் சொல்லி. நாற்காலியில் உட்கார மறுத்து நின்றபடியே பேசினார்கள். எல்லோர் மேலேயும் என்றால் ஒருவர் விடாமல் எல்லோர் மேலேயும் என்று சின்னக்கருப்பன் அழுத்திச் சொன்னார். அதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். தலையாட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆலைகளின் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. அதில் இருப்பவர்கள் வழக்கில் எதிர்மனுதாரர்கள் ஆவார்கள். இருபத்தாறு ஆலைகளில் இருபத்தைந்தை எழுதினேன். ஒன்றை விட்டேன். அது பேச்சியம்மாளின் ஆலை.

பேச்சியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. இருபது வருஷம் மற்றவர்கள் ஆலையில் கூலிக்குப் பாகு கிண்டியவர். அந்த மார்கழியில்தான் ஒரு கொட்டகையைக் குத்தகைக்குப் பிடித்து, தன் கணவரையும் ரெண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு முதன்முதலாகச் சொந்த அடுப்பு மூட்டியிருந்தார். நான் ஆய்வுக்குப் போனபோது மூன்றாவது நாள் கொதி. முதல் வருஷத்திலேயே உயர்நீதிமன்ற வழக்கில் பெயர் ஏறினால் இந்தப் பெண் பயந்து அடுப்பை அணைத்துவிடும், பாவம், பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தேன். அவருடைய பதிவுச் சான்றிதழ் விண்ணப்பம் இன்னும் முடியாமல் கிடந்தது. பதிவு இல்லாத ஆலை, ஆகவே பட்டியலில் இல்லை. கோப்பில் காரணம் அழகாக உட்கார்ந்துகொண்டது. நம் ஆட்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. இரக்கத்துக்குக்கூட ஒரு ரூல் நம்பர் கண்டுபிடித்துவிடுவோம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது எனக்குள் ஒரு திருப்தி. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்துவிட்ட மாதிரி.

பொங்கலுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது இடைக்காலத் தடை கிடைத்தது. பட்டியலில் உள்ள ஆலைக்காரர்கள் அந்தப் பொடியைப் போடக் கூடாது. பட்டியலில் உள்ள ஆலைகளிடமிருந்து வெளுத்த வெல்லத்தை மண்டிக்காரர்கள் வாங்கக் கூடாது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. நகல்களை எடுத்துக்கொண்டு நானே மண்டி மண்டியாக ஏறி இறங்கினேன். இத்தனை நாள் என்னைப் பார்த்தால் டீ சொன்ன மண்டிக்காரர்கள் அன்றைக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. எனக்கு அது விருது வாங்கியதுபோல் இருந்தது. நாலே நாளில் மண்டிகளில் பழுப்பு வெல்லம் இறங்க ஆரம்பித்தது. வேறு சரக்கு இல்லாததால் முனகிக்கொண்டே வாங்கினார்கள். சின்னக்கருப்பன் போன் செய்து, "ஆர்டர் இருக்குண்ணே, என்னைய என்ன செய்யச் சொல்றீகன்னு கேட்டேன் சார். மண்டிக்காரர் வாயத் தெறக்கல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஏழாம் நாள் நகரத்தில் ரெண்டு மூட்டை மஞ்சள் வெல்லம் இறங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. எங்கிருந்து என்று விசாரித்தால் பேச்சியம்மாள் ஆலை.

ஜீப்பில் போகும்போது நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இரக்கப்பட்டு விட்டால் நன்றி காட்டும் லட்சணம் இதுதானா என்று வழியெல்லாம் புலம்பினேன். கூட வந்த உதவியாளர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி எதிலும் பட்டுக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். சீல் வைப்பதற்கான அரக்கு, துணி, தாள் எல்லாம் பையில் தயாராக இருந்தது.

கொட்டகைக்கு முன்னால் வெட்டிய கரும்பு மலையாகக் குவிந்திருந்தது. பேச்சியம்மாள் என்னைக் கண்டதும் ஒளியவில்லை. கும்பிடவும் இல்லை. நேராக எதிரே வந்து நின்றார்.

"எம் பேர மட்டும் ஏன் சார் விட்டீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். உத்தரவு வந்த மறுநாள் மண்டிக்காரரின் ஆள் வந்திருக்கிறான். இவர், கோர்ட்டு உத்தரவு இருக்கிறது, மருந்து போட முடியாது என்று மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார். அவன் நாங்கள் கொடுத்த நகலையே பையிலிருந்து எடுத்து, இருபத்தைந்து பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, உன் பெயர் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். கொட்டகையின் சொந்தக்காரர் அந்த மண்டிக்காரரின் மச்சான். வெளுத்துக் கொடு, மற்ற ஆலைகளின் பழுப்பு வெல்லத்தையும் கொண்டு வருகிறோம், அதையும் கரைத்து வெளுத்துக் கொடு, இல்லையென்றால் கொட்டகையைக் காலி செய் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு நாள் மறுத்திருக்கிறார். ஐந்தாம் நாள் வெட்டி வந்த கரும்பு இறங்கிவிட்டது. வெட்டிய கரும்பு ரெண்டு நாளைக்கு மேல் தாங்காது.

"ஒரு கொப்பரை போட்டேன் சார். நான் பொய் சொல்லல. அந்தா இருக்கு மிச்சம்" என்று கையைக் காட்டினார். பிறகு சொன்னார்: "அம்புட்டுப் பேருக்கும் மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்தை குடுத்தீங்க. எனக்கு மட்டும் குடுக்கல."

நீ கஷ்டப்படுகிறவள், வழக்கு வம்பு வேண்டாமே என்று பாவம் பார்த்துத்தான் விட்டேன் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் பாவம்னு உங்ககிட்ட வந்து சொன்னேனா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி நிறுத்தியதில்லை. நான் அவரைச் சின்னக்கருப்பனுக்குச் சமமாக நினைக்கவே இல்லை. இருபத்தைந்து பேரை ஆலைக்காரர்களாகப் பார்த்தேன், இவரைக் கூலிக்காரியாகப் பார்த்தேன். அதைத்தான் இரக்கம் என்று பெயர் வைத்துக் கொண்டாடியிருக்கிறேன். மண்டிக்காரன் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை.

கொஞ்சம் தள்ளிப் போய் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் நன்மைக்குத்தான் சொன்னார். பொடி போட்டதை அந்த அம்மாவே ஒத்துக்கொண்டாயிற்று, சீல் வையுங்கள், ஓட்டையும் அடைபட்டுவிடும், பட்டியலைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்றார். சட்டப்படி அது சரி. சீல் வைத்தால் மஞ்சள் வெல்லம் நின்றுவிடும். என் தப்பும் அந்த அரக்குக்கு அடியில் போய்விடும். பேச்சியம்மாளின் ஆலையும் அதோடு முடிந்துவிடும். எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருந்தது. நான் உடனே நல்ல முடிவெடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பையை ஒருமுறை திறந்தேன். அரக்கை வெளியே எடுத்தும் விட்டேன்.

அப்புறம் உள்ளே வைத்துவிட்டு வழக்கறிஞருக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவங்களை எதிர்மனுதாரராச் சேர்க்கணும்னா, ஏன் முதல்ல சேர்க்கலன்னு ஜட்ஜ் கேட்பாங்க. பதிவு முடியலன்னு சொல்லலாம். இல்ல, நடந்ததைச் சொல்லலாம். எதை எழுதித் தர்றீங்க, சார்?" என்று கேட்டார். நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன்.

ஆனால் அன்றைக்கே இன்னொரு முறை இரக்கப்பட்டு இன்னொரு தப்புச் செய்துவிடக் கூடாது என்று எனக்கு உறைத்தது. மிச்சமிருந்த வெளுத்த வெல்லத்தைக் கைப்பற்றினேன். மாதிரி எடுத்தேன். போட்ட ஒரு கொப்பரைக்கு மற்றவர்களைப் போலவே வழக்கு வரும், அபராதமும் வரும் என்று சொன்னேன். பேச்சியம்மாள் தலையசைத்தார். அடுப்பை மட்டும் அணைக்கவில்லை. பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு, உதவியாளரைக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு, கரும்பை மருந்தில்லாமல் காய்ச்சச் சொன்னேன். மற்ற ஆலைகளின் பழுப்பு வெல்லத்தை வெளுக்கக் கொண்டு வருவதாக மண்டிக்காரரின் ஆள் சொல்லியிருந்த நாளுக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது.

மறுநாள் அவசர வழக்காக எடுத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் பஸ் பிடித்து ஒத்தக்கடை வந்து, அங்கிருந்து நீதிமன்றம் வந்து சேர்ந்தார். புதுச்சேலை, காலில் கரும்புச் சக்கை ஒட்டிய அதே செருப்பு. என் பிரமாணப் பத்திரத்தை நீதிபதி அமைதியாகப் படித்தார். அதில் நான் மூன்றே வரிதான் எழுதியிருந்தேன். இந்த ஆலையை நான் தெரிந்தே விட்டேன். பதிவு முடியாதது காரணமில்லை. அது என் தவறு.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். யாருக்கு உத்தரவு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்யும் இடம் இதுதான், உங்கள் அலுவலகம் இல்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்துத் தமிழில் கேட்டார், உங்களைத் தடை செய்யும்படி அரசு கேட்கிறது, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. இன்னைக்கே போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லது. காலையில கொப்பரை ஏத்தணும்" என்றார் பேச்சியம்மாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதியும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. தன்னைத் தடுக்கச் சொல்லிக் கேட்டு ஒருவர் பஸ் ஏறி வந்ததை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். எங்கள் வழக்கறிஞர் அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, கொட்டகைச் சொந்தக்காரரையும் வழக்கில் சேர்க்கக் கேட்டார். மாலைக்குள் உத்தரவு வந்தது. கடைசி எதிர்மனுதாரர்களாக ரெண்டு பேர். ஒருவர் பேச்சியம்மாள், இன்னொருவர் கொட்டகைச் சொந்தக்காரர். தடையை மதித்து நடந்ததற்காக அடுத்த விசாரணை வரை பேச்சியம்மாளைக் கொட்டகையிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று ஒரு வரியும் அதில் இருந்தது.

என் பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறியது. ஏறட்டும். ஓய்வூதியம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பொங்கலுக்கு நகரத்தில் பழுப்பு வெல்லம்தான் விற்றது. கோரிப்பாளையத்தில் நான் மளிகை வாங்கும் கடைக்காரர் பாய், மருந்தில்லாத வெல்லம் என்று அட்டையில் எழுதியே தொங்கவிட்டார். ஜனங்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். இன்னும் எங்கேயாவது ஒரு கொட்டகையில் பொடி தூவத்தான் செய்வார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் மாட்டேன் என்று சொல்ல இப்போது யாரும் பயப்படுவதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தடை உத்தரவு எதிராளியை மட்டும்தான் கட்டும் என்று நினைக்காதீர்கள். ஒழுங்காக இருக்க விரும்பி, தனியாக நின்றால் தோற்றுப்போகிற ஆளுக்கு அதுதான் துணை. அந்தத் துணை யாருக்கு வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒரு பெயரைப் பட்டியலில் எழுதும்போது கையெழுத்துப் போடுகிறோம். விடும்போதும் போட்டுப் பழகுங்கள், காரணத்தையும் உண்மையாக எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் அந்தக் காரணம் சரியில்லை என்று தெரிந்துவிடும்.

பேச்சியம்மாள் மேல் உத்தரவு கிடைத்த மறுநாள் காலை நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மணிக்கு நகலை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே மண்டிக்காரரின் ஆள் ஒரு டெம்போ நிறையப் பழுப்பு வெல்ல மூட்டையோடு வந்து நின்றிருந்தான். கரைத்து வெளுப்பதற்குக் கொண்டு வந்தது. அவன் கையில் ஒரு நகலைக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தான். கடைசிப் பக்கத்தை ரெண்டு முறை படித்தான். தள்ளிப் போய் யாருக்கோ போன் பேசினான். பிறகு டெம்போவில் ஏறி, வந்த வழியே திரும்பிப் போனான்.

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எம் பேரு எதுல இருக்கு சார்?" என்று கேட்டார். உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. அவர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவரும் தன் விரலை அதன் கீழே வைத்தார். பெயரோடு நிற்காமல் அந்த வரி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. அது என்ன என்று கேட்டார்.

"வெல்ல உற்பத்தியாளர்னு போட்டிருக்கு" என்றேன்.

அவர் விரலை அந்த வரியின் கடைசி வரை நகர்த்தினார். "ரேஷன் கார்டு, பிள்ளைக சர்டிபிகேட்டு, எல்லாத்துலயும் எம் பேருக்குப் பக்கத்துல கூலின்னுதான் சார் இருக்கும்" என்றார். அவர் கண் கலங்கியதா, புகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கலங்கியது.

அதற்குள் உள்ளேயிருந்து அவர் கணவர், பாகு பதத்துக்கு வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். பேச்சியம்மாள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தார். நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார், பாகு எறக்கப் போறேன்" என்றார்.